ஒண்ணேகால் மணி நேரம்

கொளவாய் ஏரிக்கரையில் காலையில் நடக்கும் எங்கள் கூட்டத்தில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவருடைய மகள் லண்டனில் வேலை செய்கிறாள். அடுத்த மாதம் மனைவியோடு அங்கே போகிறார். போன வாரம் நடை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்ததும், "சர்வேயர் சார், லண்டன் வரைக்கும் போறோம், அப்படியே பாரிஸையும் பார்த்துட்டு வந்துடலாம்னு இருக்கேன். போன்ல போட்டுப் பார்த்தேன். 340 கிலோமீட்டர்தான். பிளேன்ல ஒண்ணேகால் மணி நேரம். காலையில போய்ட்டு ராத்திரி திரும்பிடலாம் போல" என்றார்.

அந்த "ஒண்ணேகால் மணி நேரம்" என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு டீ இறங்கவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வாத்தியார் சொன்ன இரண்டு எண்ணும் சரிதான். பறவை பறக்கிற கணக்கில் லண்டனுக்கும் பாரிஸுக்கும் நடுவே ஏறக்குறைய 340 கி.மீ. நாம் ரோட்டில் பெங்களூர் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமான டிக்கெட்டில் ஒண்ணேகால் மணி நேரம் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் அது விமானத்தின் நேரம், மனிதனின் நேரம் அல்ல. ஹீத்ரோ விமான நிலையம் லண்டன் நடுவூரிலிருந்து 20 கி.மீ.க்கு மேல் மேற்கே இருக்கிறது. பாரிஸில் சார்லஸ் த கோல் விமான நிலையமும் ஊரை விட்டு 25 கி.மீ. தள்ளித்தான். போகிற நேரம், பையைச் சோதிக்கிற நேரம், வரிசை, பெல்ட்டையும் ஷூவையும் கழற்றி மாட்டுகிற நேரம், இறங்கிப் பெட்டிக்குக் காத்திருக்கிற நேரம், மறுபடி ஊருக்குள் போகிற நேரம் என்று எல்லாவற்றையும் கூட்டினால் ஐந்து மணி நேரத்தைத் தொடும்.

அதே ஊர்களுக்கு நடுவே 1994 முதல் கடலுக்கு அடியில் சுரங்கம் வழியாக ரயில் ஓடுகிறது. லண்டன் செயின்ட் பாங்க்ராஸில் ஏறினால் பாரிஸின் நடுவூரிலேயே இறங்கலாம். இரண்டே கால், இரண்டரை மணி நேரம். அதற்கும் முக்கால் மணியோ ஒரு மணியோ முன்னால் போக வேண்டும். ஆனால் பாஸ்போர்ட் சோதனை இரண்டையும் ஏறும் இடத்திலேயே முடித்துவிடுவார்கள், இறங்கினால் நேராக வெளியே வந்துவிடலாம். வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். கூடவே, பிரிட்டன் விசா பிரான்ஸுக்குச் செல்லாது, ஷெங்கன் விசா தனியாக வாங்க வேண்டும் என்றும் சொன்னேன். "அது வேறயா!" என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டார். 

நான் இந்தக் கணக்கில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு என் தொழில் ஒரு காரணம். முப்பத்து மூன்று வருடம் நில அளவைத் துறையில் இருந்தவன். சேர்ந்த புதிதில் பழைய ரெக்கார்டுகளில் எல்லாம் கன்டர் சங்கிலி கணக்குதான். 66 அடி, 100 லிங்க். 80 சங்கிலி ஒரு மைல். வெயிலில் செயின்மேன் பின்னாலேயே போய், எஃப்.எம்.பி.யில் ஜி லைன் போட்டு, வரப்பு திரும்புகிற இடத்துக்கெல்லாம் ஆஃப்செட் எடுத்துப் பழகிய எனக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். நேர்கோட்டுத் தூரம் என்பது காகிதத்துக்கு. நடக்கிறவனுக்கு வரப்புதான் தூரம்.

சங்கிலி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய வேலை நம் மீனம்பாக்கத்துக்குப் பக்கத்திலிருந்துதான் தொடங்கியது. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி, பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல் நீளம். ஒரு இரும்புச் சங்கிலியை வைத்துக்கொண்டு அதை அளந்து முடிக்க 57 நாள் ஆயிற்று. இன்றைக்கு அந்தப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் இறங்கும் விமானம் ஏழரை மைலை இரண்டு மூன்று நிமிடத்தில் தாண்டிவிடும். ஆனால் அந்த விமானத்தில் ஏறப் போகிறவர் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கிற நேரத்தில் லாம்டனின் ஆட்கள் ஒன்றிரண்டு சங்கிலியாவது அளந்திருப்பார்கள்.

சரி, காரணத்துக்கு வருகிறேன்.

ஏழெட்டு வருடம் இருக்கும். போகிக்கு முந்தின நாள். இரவு ஏழரை மணிக்கு மதுரையிலிருந்து போன். என் அக்கா தவறிவிட்டாள். எனக்கு ஒரே அக்கா. சதுரங்கப்பட்டினம் பக்கத்தில் எங்கள் ஊரில் அம்மா சவுக்குத் தோப்புக்கு வேலைக்குப் போய்விட்டால் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள். மாமா போனில் பேசவே இல்லை. அவர் அழுகிற சத்தம் மட்டும் பின்னால் கேட்டது. அக்கா மகன்தான் பேசினான். "மாமா, பொங்கல் வந்துடுச்சு. நாளைக்குக் காலையிலேயே எடுத்துடணும்னு பெரியவங்க சொல்றாங்க. நீங்க வந்துடுங்க" என்றான்.

அன்று இரவு பத்தரை மணிக்கு மேல் செங்கல்பட்டில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் இருந்தது. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். விடியற்காலை மதுரை. நான் வேட்டியை மாற்றிக்கொண்டு பையை எடுத்து வைத்துவிட்டேன். என் மகன் சென்னையிலிருந்து போன் செய்தான். "அப்பா, பொங்கல் கூட்டம். ரிசர்வேஷன் இல்லாம எப்படி ஏறுவீங்க? உங்க முட்டியை வெச்சிக்கிட்டு ராத்திரி முழுக்க நிக்க முடியுமா? காலையில ஆறு அம்பதுக்கு பிளைட் இருக்கு. ஒண்ணேகால் மணி நேரம்தான். எட்டு பத்துக்கு மதுரையில இருப்பீங்க. நான் டிக்கெட் போட்டுட்டேன்" என்றான்.

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. என் முட்டியைப் பற்றிக் கவலைப்பட்டான், விலை பார்க்காமல் டிக்கெட் வாங்கினான். நானும் சரி என்றேன். எண்ணைக் கேட்டதும் மயங்கியவன் நான்தான். எட்டேகால் மணிக்கு இறங்கி ஒன்பது மணிக்கு வீடு. பாண்டியனில் போனால் ஆறு மணி. மூன்று மணி நேரம்தானே வித்தியாசம், உட்கார்ந்தே போய்விடலாம் என்று தோன்றியது.

மூன்றரை மணிக்கு வீட்டிலிருந்து கார் கிளம்பியது. மறைமலைநகர் தாண்டும்போதே புகை. போகி அல்லவா, விடிவதற்கு முன்பே வீட்டு வாசல்களில் பழைய பாயும் டயரும் எரிந்துகொண்டிருந்தன. மார்கழிப் பனியும் அந்தப் புகையும் சேர்ந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் முன்னால் போகிற லாரியின் பின்விளக்கு தெரியவில்லை. போகி அன்றைக்குச் சென்னை விமான நிலையத்தில் புகையால் விமானங்கள் தாமதமாவது புதிதல்ல, பேப்பரில் பலமுறை படித்திருப்பீர்கள். நானும் படித்தவன்தான். அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

ஆறு ஐம்பது ஏழரையாயிற்று, ஏழரை எட்டரையாயிற்று. பலகையில் எண் மாறிக்கொண்டே இருந்தது. அக்கா மகன் போன் செய்தான். "மாமா, எங்கே இருக்கீங்க?" "ஏர்போர்ட்லதான். கிளம்பிட்டா ஒண்ணேகால் மணி நேரம்தான்டா, வந்துடுவேன்." எட்டரைக்கும் அதையே சொன்னேன். ஒன்பதுக்கும் அதையே சொன்னேன். அவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். மாமா, "தம்பி வரட்டும், தம்பி வரட்டும்" என்று பத்தரை வரைக்கும் யாரையும் எடுக்க விடவில்லையாம். அதற்கு மேல் பெரியவர்கள் கேட்கவில்லை.

நான் மதுரையில் இறங்கும்போது மணி பதினொன்று. அங்கிருந்து ஊருக்குள் 12 கி.மீ. வீட்டுக்குப் போகாமல் நேராகத் தத்தனேரிக்கே போனேன். எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் மதுராந்தகத்திலிருந்து வந்த என் சித்தப்பா மகன் நின்றுகொண்டிருந்தான். அவன் முந்தின இரவு செங்கல்பட்டுக்கு வந்து, பாண்டியனில் அன்ரிசர்வ்டு பெட்டியில் விழுப்புரம் வரை நின்றுகொண்டும், பிறகு கக்கூஸ் ஓரத்தில் பேப்பர் விரித்து உட்கார்ந்தும் வந்து, காலை ஆறு மணிக்கு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டான். "அண்ணா, முகம் தெளிவா இருந்துச்சு, தூங்கற மாதிரி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். எனக்கு அதுதான் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து, காரியம் எல்லாம் முடிந்த பிறகு, ஒருநாள் தமிழ்நாடு வரைபடத்தை விரித்து ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். பழக்க தோஷம். மீனம்பாக்கத்துக்கும் மதுரைக்கும் நேர்கோடு போட்டால் 420 கி.மீ. அளவுக்கு வருகிறது. அந்தக் கோடு எங்கே போகிறது தெரியுமா? கிட்டத்தட்ட செங்கல்பட்டுக்கு மேலேயே. அதாவது, மதுரைக்குத் தெற்கே போக வேண்டிய நான், 40 கி.மீ. வடக்கே போய், ஐந்து மணி நேரத்துக்கு மேல் அங்கே காத்திருந்து, என் வீட்டுக்கு மேலேயே பறந்து திரும்பி வந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து நான் வீட்டுப் படியிலிருந்து வீட்டுப் படி வரைதான் கணக்குப் போடுகிறேன். புகை, மழை எதுவும் இல்லாத நல்ல நாளுக்கு மதுரைக் கணக்கைச் சொல்கிறேன். செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு 15 நிமிடம். மின்சார ரயிலில் திரிசூலம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சுரங்கப்பாதையில் ரோட்டைத் தாண்டி உள்ளே போகக் கால் மணி. இரண்டு மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். பறப்பது ஒண்ணேகால் மணி. அதிலும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அடக்கம். நிதானமாக மேலே பறப்பது கொஞ்ச நேரம்தான், பக்கத்து ஊர் விமானத்தில் வேகத்துக்கே வேலை இல்லை. பெட்டிக்கு 20 நிமிடம், ஊருக்குள் போக அரை மணி. கூட்டினால் ஐந்தரை, ஐந்தே முக்கால் மணி நேரம். வைகை எக்ஸ்பிரஸில் செங்கல்பட்டில் ஏறினால் ஆறரை மணி நேரம், இரண்டு பக்கமும் ஆட்டோவைச் சேர்த்தால் ஏழு. ஒண்ணேகாலுக்கும் ஆறரைக்கும் உள்ள பெரிய பள்ளம், வீட்டுப் படியிலிருந்து பார்த்தால் ஒண்ணேகாலே மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. அந்த ஒண்ணேகாலும் வானம் சொன்ன பேச்சைக் கேட்டால்தான்.

வைகையைச் சும்மா சொல்லவில்லை. 1977 ஆகஸ்ட் 15 அன்று அது ஓடத் தொடங்கியபோது மீட்டர் கேஜில் அந்த வேகமா என்று எல்லோருக்கும் ஆச்சரியம். பகலிலேயே மதுரைக்குப் போய்விடலாம் என்பதே அப்போது புதுமை. இன்றைக்கு அதைவிட வேகமான வந்தே பாரத் ரயில்கள் திருநெல்வேலிக்கு 2023 முதலும் நாகர்கோவிலுக்கு 2024 முதலும் போகின்றன. தாம்பரத்தில் நிற்கிறது. அடுத்து விழுப்புரம். நடுவில் செங்கல்பட்டைச் சத்தத்தோடு தாண்டிப் போகிறது. மாவட்டத் தலைநகரம், ஜங்ஷன், காஞ்சிபுரம் பக்கம் போகிற பாதை பிரிகிற இடம். மாமல்லபுரம், கல்பாக்கம், திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் ஜனங்கள் எல்லோருக்கும் இதுதான் ஸ்டேஷன். இங்கே இரண்டு நிமிடம் நின்றால் என் கணக்கில் மதுரை ஐந்தேகால் மணி நேரத்துக்குள் வந்துவிடும், விமானத்தையே தோற்கடிக்கும். நிற்காததால் நாங்கள் தாம்பரத்துக்கு 30 கி.மீ. வடக்கே போய் ஏறி, எங்கள் ஊரையே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போகிறோம். "ஒவ்வொரு ஊரிலும் நின்றால் வேகம் என்னாவது?" என்று கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் இரண்டு நிமிடம் ரயிலுக்கு மிச்சம், இரண்டு மணி நேரம் எங்களுக்கு நஷ்டம். எந்தக் கடிகாரத்தைப் பார்த்து வேகம் என்று சொல்வது?

மாமல்லபுரத்துக்காரர்களுக்கு அதுவும் இல்லை. உலகமே வந்து பார்க்கிற ஊருக்கு ரயில் கிடையாது. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குக் கடலோரமாகப் புது ரயில் பாதை, ஏறக்குறைய 180 கி.மீ., என்று அறிவித்து 15 வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பாதைக்காக ஒருநாள் நானே செயின் பிடிக்கப் போவேன் என்று நினைத்திருந்தேன், ஓய்வு பெற்றே பல வருடம் ஆயிற்று.

ஐரோப்பாக்காரர்கள் இந்தக் கணக்கைச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். மாட்ரிட்டுக்கும் பார்சலோனாவுக்கும் நடுவே ஒரு காலத்தில் மழைத்துளி மாதிரி விமானங்கள் பறந்தன. 2008இல் இரண்டரை மணி நேரத்தில் போகிற ரயில் வந்ததும் ஜனங்கள் பெரும்பாலும் ரயிலுக்கு மாறிவிட்டார்கள். பிரான்ஸில் 2023இல் ஒரு விதியே போட்டார்கள். இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிகிற ஊருக்கு உள்நாட்டு விமானம் கூடாது என்று. பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து லியோன், நாந்த், போர்தோ ஊர்களுக்குப் பறப்பது நின்றது. மூன்றே பாதைதான், பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஆனாலும் வீட்டுப் படிக் கணக்கு சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது.

நமக்கு இது புதுக் கணக்கும் இல்லை. என் தாத்தா ஒரு நாளும் மைல் சொன்னதில்லை. "நாழிகை வழி" என்பார். ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், நடந்தால் எவ்வளவு தூரமோ அது ஒரு நாழிகை வழி. ஏழு நாழிகை வழி ஒரு காதம் என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. ஏழு நாழிகைக்கு 168 நிமிடம், விறுவிறுவென்று நடப்பவன் அந்த நேரத்தில் 10 மைல் போவான். காதம் என்றால் 10 மைல் என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்ததும் அதுதான். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு 30 கி.மீ., இரண்டு காதத்துக்குக் கொஞ்சம் குறைவு. தாத்தா கேட்கிறவனின் காலைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். கிழவி கேட்டால், "இப்பக் கிளம்பினா உச்சி வெயில் ஏறிடும், திருக்கழுக்குன்றத்துல தங்கிட்டுப் போ தாயே" என்பார். ஊரிலிருந்து பட்டணத்துக்குப் பக்கிங்காம் கால்வாயில் படகில் போன காலத்தையும் சொல்வார். காற்று எதிரே அடித்தால் ஒரு ராத்திரி கூட ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்வார். போனில் வருகிற எண்ணுக்கு என் முட்டியும் தெரியாது, போகிப் புகையும் தெரியாது.

விமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டெல்லிக்கு யாராவது ரயிலில் போகச் சொன்னால் இந்த வயதில் நான் போக மாட்டேன். ஒரு நாளுக்கும் மேல் ரயிலில் கிடந்த உடம்பு மறுநாள் எழுந்திருக்காது. தூரம் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டினால் விமானம்தான், சந்தேகமே இல்லை. நானூறு, ஐந்நூறுக்குத்தான் இந்தச் சண்டை எல்லாம். அதோடு, மரணச் செய்தி வந்த வீட்டில் பிள்ளைகள் பதறிப்போய் போனைத் தட்டி டிக்கெட் போடுவார்கள். அவர்களைக் கோபிக்காதீர்கள். அடுத்து எந்த ரயில், எத்தனை மணிக்கு, நிற்குமா என்று ஒரு நிமிடம் கேளுங்கள். அங்கே காத்திருக்கிறவர்களிடம் டிக்கெட்டில் இருக்கிற நேரத்தைச் சொல்லாதீர்கள், கூட்டிப் பார்த்து வருகிற நேரத்தைச் சொல்லுங்கள். "பதினொன்றரை ஆகும், எனக்காக வைக்க வேண்டாம்" என்று நான் எட்டு மணிக்கே சொல்லியிருந்தால், மாமாவைப் பத்தரை வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வைத்திருக்க மாட்டேன். முகம் பார்க்காததைவிட எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வாத்தியார் நேற்றுக் காலை வந்து, மகள் பாரிஸுக்கு ரயில் டிக்கெட்டே போட்டுவிட்டாள், இரண்டு நாள் தங்குகிறோம், விசாவுக்கும் எழுதியாயிற்று என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "சார், லண்டன் பிளைட் விடியற்காலையில. இங்கேருந்து ஏர்போர்ட்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டார். விடியற்காலை விமானத்துக்கு முந்தின இரவே போய்விட வேண்டும், பதினோரு மணிக்குள் மின்சார ரயிலைப் பிடித்தால் கார் செலவு மிச்சம், பெட்டி கனமாக இருந்தால் திரிசூலத்தில் படி ஏறி இறங்குவதுதான் சிரமம் என்றேன். பெட்டி இரண்டு, ஆளுக்கு 23 கிலோவாம். ஊறுகாயே ஐந்து கிலோ. கார்தான் என்று முடிவு செய்தோம். நானும் கூடப் போகிறேன், வழியனுப்ப.